இரண்டாவது சாட்சி

வானியல் ஆர்வலர்கள் தமக்குள் தொடர்பில் இருப்பது ஏன்?

வானியல் என்றவுடன் நம் மனதில் தோன்றுவது ஒரு தனி மனிதரின் உருவம். நள்ளிரவு நேரம், மொட்டை மாடி, ஒரு தொலைகாட்டி, அதன் முன்னே குனிந்து நிற்கும் ஒருவர். வானியலின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தால் அந்தப் படத்தில் இன்னொருவர் விடுபட்டிருப்பது தெரியவரும். அவர் வேறோர் ஊரில், வேறொரு கூரையின் மேல் நின்று அதே வானத்தைப் பார்ப்பவர். முதலாமவர் கண்டதை அவரும் கண்டார் என்று உறுதியான பிறகே அந்தக் காட்சி விஞ்ஞானத்தின் ஏட்டில் இடம்பெறுகிறது.

வானத்தைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட விஞ்ஞானிகள் உலகில் மிகச் சிலரே. அவர்களுடைய பெரிய தொலைகாட்டிகளும் ஒரே பொருளை எல்லா இரவும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்புபவர்கள் ஊதியம் எதுவுமின்றி வானத்தை அவதானிக்கும் ஆர்வலர்கள். ஆசிரியர்கள், வியாபாரிகள், கணினி வேலை செய்வோர், பாடசாலை மாணவர்கள் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் தமக்குள் எவ்வாறு தொடர்பைப் பேணுகிறார்கள், அதனால் விளைந்த பயன் என்ன, அதில் நமக்கும் இடமுண்டா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பேசி வைத்துக்கொண்டு பார்த்த கிரகணம்

கி.பி. 997ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அப்போது அல்பிரூனிக்கு வயது 23. இன்றைய உஸ்பெகிஸ்தானில் அமைந்திருந்த காத் என்ற நகரில் அவர் வாழ்ந்தார். பக்தாதில் அபுல் வபா என்ற பெரும் கணித அறிஞர் இருந்தார். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இரு நகரங்களுக்கும் இடையே 1,500 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். இருந்தும் இருவரும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, அவரவர் ஊரிலிருந்து அதே கிரகணத்தை அவதானித்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

இதன் நோக்கம் என்ன? சந்திரன் பூமியின் நிழலுக்குள் நுழையும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆனால் அந்தக் கணத்தில் ஒவ்வோர் ஊரின் உள்ளூர் நேரம் வேறுபடும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடங்கள். ஆகவே இரண்டு ஊர்களின் உள்ளூர் நேர வித்தியாசம் தெரிந்தால் அவற்றின் நெடுங்கோட்டு வித்தியாசமும் தெரிந்துவிடும். அவர்களுக்குக் கிடைத்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காத் நகரில் இருந்தவரால் தனியாக இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பக்தாதில் இருந்தவராலும் முடியாது. விடை இருவரின் குறிப்புகளும் ஒன்று சேர்ந்த இடத்தில் இருந்தது.

இந்தக் கணக்கை நாமும் செய்து பார்க்கலாம். 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி இரவு முழுச் சந்திர கிரகணம் ஏற்பட்டது. சந்திரன் முழுமையாக நிழலுக்குள் சென்றபோது இலங்கையில் நேரம் இரவு சுமார் 11.00. கட்டாரின் தோஹா நகரில் சுமார் 8.30. கடிகார நேரத்தை அரசாங்கங்கள் தீர்மானிக்கின்றன. எனவே நாம் சூரியனை வைத்தே கணக்கிட வேண்டும். அன்று சூரியன் உச்சிக்கு வந்தது கொழும்பில் சுமார் 12.09 மணிக்கு, தோஹாவில் சுமார் 11.32 மணிக்கு. ளுஹர் தொழுகை நேர அட்டவணையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய விடயமன்று. உச்சியிலிருந்து அந்தக் கணம் வரை கொழும்பில் 10 மணி 51 நிமிடங்களும் தோஹாவில் 8 மணி 58 நிமிடங்களும் கழிந்துள்ளன. வித்தியாசம் 113 நிமிடங்கள். அதை 4ஆல் வகுத்தால் சுமார் 28 பாகை வருகிறது. உலகப் படத்தைத் திறந்து கொழும்பின் நெடுங்கோட்டிலிருந்து தோஹாவின் நெடுங்கோட்டைக் கழித்துப் பாருங்கள். விடை சரியாக இருக்கும்.

நமது கல்லூரியில் எத்தனையோ பேரின் வாப்பாமார் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள். "சாப்பிட்டீர்களா, சுகமா" என்று கேட்கும் அதே தொலைபேசி அழைப்பில், அடுத்த கிரகண இரவன்று, "நிழல் எத்தனை மணிக்குத் தொட்டது வாப்பா?" என்றும் கேட்டால் அல்பிரூனியின் பரிசோதனை நம் வீட்டிலேயே நடந்துவிடும்.

திருகோணமலையிலிருந்து ஒரு குறிப்பு

தொடர்பு என்பது ஒரே இரவில் முடிந்துவிடும் விடயமாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு நமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு.

பேர்சி மோல்ஸ்வொர்த் 1867இல் கொழும்பில் பிறந்தவர். அவருடைய தந்தை இலங்கைப் புகையிரதப் பாதை அமைப்பில் பணியாற்றிய பொறியியலாளர். மகன் பிரித்தானிய இராணுவத்தின் பொறியியற் படையில் அதிகாரியாகித் திருகோணமலையில் கடமையாற்றினார். கடமை நேரம் போக மீதி நேரத்தில் அவர் தமது தொலைகாட்டியால் வியாழன் கோளை அவதானித்தார். வியாழனின் மேகப் பட்டிகளில் காணப்படும் புள்ளிகள் கோளின் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தை ஆயிரக்கணக்கான தடவைகள் குறித்து, 1890இல் தொடங்கப்பட்ட பிரித்தானிய வானியல் சங்கத்துக்கு அனுப்பிவந்தார். அக்காலத்தில் அக்குறிப்புகள் கப்பலில்தான் சென்றன.

1901 பெப்ரவரி 28ஆம் திகதி, வியாழனின் தென்பகுதியில் ஒரு கருமையான கலக்கத்தை அவர் கண்டார். புகழ்பெற்ற பெரும் சிவப்புப் புள்ளி இருக்கும் அதே அகலக்கோட்டில் அது இருந்தது. பின்னர் அது நீண்டு வளர்ந்து, சிவப்புப் புள்ளியைப் பலமுறை தாண்டிச் சென்றது.

மோல்ஸ்வொர்த் 1908இல் திருகோணமலையிலேயே காலமானார். அவர் கண்ட கலக்கமோ 1930களின் இறுதிவரை வியாழனில் நீடித்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீடித்த ஒரு மாற்றத்தின் முதல் ஏழு ஆண்டுகளை மட்டுமே அவரால் பார்க்க முடிந்தது. எஞ்சிய ஆண்டுகளை அவர் முகம் அறியாத பலர் பார்த்துக் குறித்தார்கள். அவருடைய குறிப்புகள் திருகோணமலையில் ஒரு பெட்டிக்குள் இருந்திருந்தால் அவை அவரோடு முடிந்திருக்கும். அனுப்பப்பட்டதால் அவை ஒரு நீண்ட பதிவின் முதற்பக்கமாயின. செவ்வாய்க் கோளில் உள்ள ஒரு பெரிய பள்ளம் இன்று அவருடைய பெயரால் அழைக்கப்படுகிறது.

இரண்டு செக்கன் வெளிச்சம்

கப்பலில் சென்ற கடிதம் இணையத்தில் செல்லத் தொடங்கியபோது வேகம் மாறியது, முறை மாறவில்லை. இதையும் வியாழனை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

2009 ஜூலை 19ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் கன்பரா நகருக்கு அருகே அன்தனி வெஸ்லி என்ற கணினி நிரலாளர் தமது வீட்டுத் தொலைகாட்டியால் வியாழனைப் படமெடுத்தார். தென்துருவத்துக்கு அருகே ஒரு கரும்புள்ளி தெரிந்தது. அது ஒரு சந்திரனின் நிழலாக இருக்குமோ, வழமையான புயலாக இருக்குமோ என்று அவர் முதலில் சோதித்தார். இரண்டும் பொருந்தாததால் ஏனைய ஆர்வலர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். அமெரிக்காவின் ஹவாயில் உள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைகாட்டி உடனே வியாழனை நோக்கித் திரும்பி, அங்கே ஏதோ ஒரு பொருள் மோதியிருப்பதை உறுதிப்படுத்தியது. ஜூலை 23ஆம் திகதி ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியும் அந்த வடுவைப் படமெடுத்தது.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் வியப்பானது. 2010 ஜூன் 3ஆம் திகதி, சர்வதேச நேரப்படி இரவு 8.31 மணிக்கு, வெஸ்லியின் வீடியோவில் வியாழனின் மீது சுமார் இரண்டு செக்கன்கள் ஒரு வெளிச்சம் தோன்றி மறைந்தது. இம்முறை வடு எதுவும் மிஞ்சவில்லை. கமராவில் அண்டக் கதிர் பட்டாலும் வெண்புள்ளி தோன்றும். நமது வளிமண்டலத்தில் எரியும் விண்கல்லோ கடந்து செல்லும் செய்மதியோ கூட அப்படித் தெரியலாம். ஒருவரின் வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றை நம்பிக்கையோடு பிரித்தறிவது கடினம்.

வெஸ்லி செய்தியை அனுப்பினார். பிலிப்பைன்ஸின் செபு நகரில் தளபாட வியாபாரம் செய்யும் கிறிஸ்தோபர் கோ என்பவரும் அதே இரவு வியாழனைப் பதிவு செய்திருந்தார். வியாழனில் இருந்த ஒரு சிறிய வெண்ணிறப் புயல் சிவப்பாக மாறியதை 2006இல் கவனித்து அறிவித்தவர் அவர். செய்தியைப் பார்த்ததும் தமது பதிவைத் திறந்து அந்த நேரத்துக்குச் சென்றார். அதே செக்கனில், வியாழனின் அதே இடத்தில், அதே வெளிச்சம் இருந்தது.

இங்கே ஒரு பௌதிகவியல் உண்மை உண்டு. நம் முகத்துக்கு அருகே ஒரு விரலைப் பிடித்து ஒரு கண்ணை மாற்றி மறு கண்ணால் பார்த்தால் விரல் பின்னணியில் இடம் மாறுகிறது. தூரத்து மரம் அவ்வாறு மாறுவதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளியிருந்த வெஸ்லியும் கோவும் பூமியின் இரண்டு கண்களாக இருந்தார்கள். வெளிச்சம் பூமியின் வளிமண்டலத்தில் தோன்றியிருந்தால் இருவருக்கும் அது வியாழனின் மீது விழுந்திருக்காது. இருவருக்கும் ஒரே இடத்தில் தெரிந்தபடியால் அது வியாழனிலேயே நிகழ்ந்தது என்பது உறுதியாயிற்று. சுமார் 8 முதல் 13 மீற்றர் வரையான ஒரு பொருள் வியாழனின் வளிமண்டலத்தில் எரிந்திருக்கிறது என்று பின்னர் கணித்தார்கள்.

2012 செப்டெம்பர் 10ஆம் திகதி இதே போன்ற இன்னொரு வெளிச்சத்தை அமெரிக்காவில் ஒருவர் வெறும் கண்ணைத் தொலைகாட்டியில் வைத்துப் பார்த்தார். அவரிடம் கமராப் பதிவு இல்லை. ஆனால் நேரத்தைக் குறித்து அறிவித்தார். அந்தச் செய்தியைப் படித்த டெக்சாஸ் மாநிலத்து ஆர்வலர் ஒருவர் தமது வீடியோவைத் தேடினார். வெளிச்சம் அதில் பதிவாகியிருந்தது. பார்த்தவரிடம் ஆதாரம் இருக்கவில்லை. ஆதாரம் வைத்திருந்தவருக்கோ தம்மிடம் அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. ஒரு சில வரிச் செய்தி இருவரையும் இணைத்தது.

அறிக்கை எழுதும் ஒழுங்கு

இத்தகைய செய்திகள் பயன்பட்டமைக்குக் காரணம் அவை எழுதப்பட்ட முறை. "நேற்று இரவு வியாழனில் ஒரு அழகான வெளிச்சம் கண்டேன்" என்று எழுதினால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தமது அவதானிப்பில் ஐந்து விடயங்களைக் குறிப்பிடுகிறார்கள்.

முதலாவது நேரம். அதைச் சர்வதேச நேரத்தில் எழுத வேண்டும். இலங்கை நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடங்களைக் கழித்தால் அது கிடைக்கும். இரண்டாவது இடம். மூன்றாவது கருவி: வெறும் கண்ணா, பைனாகுலரா, தொலைகாட்டியா என்பது. நான்காவது வானத்தின் நிலை: மேகம், நிலவொளி, வீதி விளக்கு போன்றவை. ஐந்தாவது கண்டது எதுவோ அது மட்டும். நாம் ஊகித்ததைத் தனியாக எழுத வேண்டும்.

காணாததையும் எழுதுவது இவ்வொழுங்கின் இன்னொரு பகுதி. 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் அவதானிப்பாளர் சங்கம், ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைப் பற்றிய ஆர்வலர்களின் குறிப்புகளைச் சேர்த்துவருகிறது. அங்கே "பார்த்தேன், தெரியவில்லை" என்பதும் ஒரு மதிப்புள்ள குறிப்பு. விண்மீன் எப்போது பிரகாசிக்கத் தொடங்கியது என்று அறிய, அது மங்கியிருந்த கடைசி இரவையும் அறிய வேண்டுமல்லவா? அந்தச் சங்கத்தை 1973 முதல் 2004 வரை வழிநடத்தியவர் துருக்கியில் பிறந்த ஜனெற் மட்டெய் என்ற பெண்மணி. செய்மதித் தொலைகாட்டிகளை இயக்கும் விஞ்ஞானிகளுக்கும் வீட்டு முற்றத்தில் நின்று பார்க்கும் ஆர்வலர்களுக்கும் இடையே பாலமாக இருந்தவர் அவர். நியூசிலாந்தின் அல்பேர்ட் ஜோன்ஸ் என்ற ஆர்வலர் தமது வாழ்நாளில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான குறிப்புகளை எழுதினார்.

இந்த ஒழுங்கு நமக்கு அந்நியமானதன்று. பிறை பார்க்கும் மாலையில் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் உலமாக்கள் கூடியிருக்க, நாடெங்கிலுமிருந்து தகவல் வருவதை நாம் சிறுவயது முதல் அறிவோம். பிறை கண்டதாக ஒருவர் சொன்னால், எங்கே நின்று பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எந்த வடிவில் என்று கேட்பார்கள். அக்கேள்விகளை யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. அவை சாட்சியத்துக்குக் கொடுக்கப்படும் மரியாதை. வானியல் ஆர்வலர்கள் ஒருவரை ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்பதும் அதே மரியாதைதான்.

பெற்றோரின் கேள்வி

இதுவரை வாசித்த பெற்றோர் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். "எல்லாம் சரி மகள், ஆனால் முன்பின் தெரியாதவர்களோடு இணையத்தில் தொடர்பா?" இது நியாயமான கேள்வி. இதைத் தட்டிக் கழித்துவிட்டு வானியல் பேசுவது முறையாகாது.

மேலே சொன்ன ஐந்து விடயங்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அவற்றில் நமது நிழற்படம் இல்லை. தொலைபேசி எண் இல்லை. வீட்டு முகவரி இல்லை; ஊரின் பெயர் போதும். வயதும் குடும்ப விபரமும் யாருக்கும் தேவையில்லை. அங்கே வேண்டப்படுவது நமது கண். நமது முகம் தேவையில்லை. எனவே ஒரு நல்ல அவதானிப்பு அறிக்கை, தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் உலகுக்குப் பயனுள்ள ஒன்றைச் சொல்வது எப்படி என்பதற்கும் ஒரு பயிற்சியாகும்.

இதற்கு மேலும் சில எல்லைகளை நாமே போட்டுக்கொள்ளலாம். குறிப்புகளைத் தனிப்பட்ட பெயரில் அனுப்பாமல் விஞ்ஞான மன்றத்தின் பெயரில், பொறுப்பாசிரியையின் பார்வையில் உள்ள ஒரே கணக்கிலிருந்து அனுப்பலாம். எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் மட்டும் எழுதி, தனிப்பட்ட உரையாடலுக்கு அழைப்போருக்குப் பதிலளிக்காமல் விடலாம். அப்படி அழைப்பு வந்தால் உம்மாவிடமோ ஆசிரியையிடமோ காட்டலாம். இரவிலேயே அனுப்ப வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. நேரத்தைச் சரியாகக் குறித்திருந்தால் சுபஹுக்குப் பின்னர் அனுப்பினாலும் குறிப்பின் மதிப்பு குறையாது. வியாழனில் கண்ட திடீர் வெளிச்சம் போன்ற அரிய விடயம் மட்டுமே விதிவிலக்கு. மற்றவர்கள் தமது நீண்ட வீடியோக்களை அழித்துவிடுமுன் அதைச் சொல்லியாக வேண்டும்.

பெற்றோரே, கதவை முழுமையாக மூடிவிடுவது எளிது. ஆனால் பிள்ளை பார்த்ததை அனுப்ப வழியில்லை என்றால் அந்தக் குறிப்பேடு சில மாதங்களில் மேசை இலாச்சிக்குள் போய்விடும். ஒருநாள் பிள்ளையோடு நீங்களும் மாடிக்கு ஏறிப் பாருங்கள். அவள் எதைப் பார்க்கிறாள், எதை எழுதுகிறாள் என்பதை நேரிலேயே அறியலாம்.

நமது இடம் காலியாக இருக்கிறது

வியாழன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுக்கும் நேரம் 10 மணிக்கும் சற்றுக் குறைவு. ஆகவே ஜப்பானிலும் அவுஸ்திரேலியாவிலும் விடிந்த பிறகு வியாழன் காட்டும் முகத்தை அங்குள்ளவர்களால் பார்க்க முடியாது. இன்னும் இருட்டில் இருக்கும் மேற்கு நாடுகள்தான் பார்க்க வேண்டும். கிழக்கிலிருந்து மேற்காகச் செல்லும் இந்த வரிசையில் நெடுங்கோடு 80 பாகையில் நாம் இருக்கிறோம். மத்திய கோட்டுக்கு அருகே இருப்பதால் தென்சிலுவையையும் காண்கிறோம். அடிவானம் தெளிவாக இருந்தால் துருவ விண்மீனையும் காண்கிறோம். 2010இல் வெஸ்லியும் கோவும் கண்ட வெளிச்சம் தோன்றியபோது இலங்கையில் நேரம் ஜூன் 4ஆம் திகதி அதிகாலை 2.01. வியாழன் அப்போது நமது கிழக்கு வானில் தாழ்வாக உதித்திருந்தது.

மேகம் நமக்குப் பெரிய தடை என்பது உண்மை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொழும்பிலும் களுத்துறையிலும் வானத்தைக் காண்பதே அரிது. ஆனால் அதே மாதங்களில் கிண்ணியாவிலும் மூதூரிலும் காத்தான்குடியிலும் வானம் திறந்திருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றின்போது மழை கிழக்குக்குச் செல்லும். மேற்கில் தெளிந்த இரவுகள் கிடைக்கும். மேற்கில் ஒரு கல்லூரியும் கிழக்கில் ஒரு கல்லூரியும் தொடர்பில் இருந்தால் ஆண்டு முழுவதும் பதிவு தடைப்படாது. மோல்ஸ்வொர்த் பார்த்த அதே திருகோணமலை வானத்தின் கீழ் வாழும் மாணவியரோடு நாம் இதைத் தொடங்கினால் எத்தனை பொருத்தமாக இருக்கும்!

விலையுயர்ந்த கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு சாதாரண பைனாகுலரைச் சுவரில் அசையாமல் தாங்கிப் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய சந்திரன்களைக் காணலாம். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் ஐந்து நிரல்கள் வரையுங்கள். நேரம், இடம், கருவி, வானத்தின் நிலை, கண்டது என்று தலைப்பிடுங்கள். சந்திரன்கள் வியாழனின் எந்தப் பக்கத்தில் எத்தனை நின்றன என்பதைப் புள்ளிகளாக வரையுங்கள். வேறோர் ஊரில் உள்ள உங்கள் தோழியையும் அதே இரவில் வரையச் சொல்லுங்கள். மறுநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபட்டால் ஏன் என்று கேளுங்கள். மேகம் மூடிய இரவில் "மேகம்" என்று எழுதுங்கள். அதுவும் ஒரு குறிப்புத்தான்.

இவ்வாண்டு நமது விஞ்ஞான மன்றத்தில் அப்படியொரு குறிப்பேட்டைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். நாம் கல்லூரியை விட்டுச் சென்ற பிறகும் அடுத்த வகுப்பு மாணவியர் அதன் அடுத்த பக்கத்தில் எழுதட்டும்.